கியூட் ஆங்கிலத் தாள்

2022-இல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வின் (கியூட்) இளநிலை மொழிப்பகுதித் தாள்களுள் ஒன்று. திண்டுக்கல் அருகே உள்ள காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகமும் இத்தேர்வை ஏற்றுள்ளது. பத்தி படித்து விடையளித்தல், சொற்றொடரை வரிசைப்படுத்தல், ஒத்தபொருட்சொல், எதிர்ச்சொல் ஆகியவை கேட்கப்படும். 2025 முதல் 50 வினாக்கள், 60 நிமிடம். சரியான விடைக்கு 5 மதிப்பெண், தவறுக்கு 1 கழிவு.

கழிவுக்கு அஞ்சி வினாவை விடுவதே பாதுகாப்பு என்ற கருத்தைக் கணக்கு ஏற்கவில்லை. நான்கு தெரிவுகளில் கண்மூடிக் குறித்தாலும் வினாவுக்குச் சராசரியாக அரை மதிப்பெண் மிஞ்சும்; இரண்டைத் தள்ளிவிட்டால் அது 2 ஆகும். அப்படியானால் இது அதிர்ஷ்டத்தை அளக்கும் தேர்வா எனக் கேட்கலாம். ஆனால் முழுத்தாளையும் ஊகித்தவருக்குக் கிடைப்பது 250-க்கு ஏறத்தாழ 25 மட்டுமே. தெரிவுகளைத் தள்ளப் பத்தியைப் படித்தாக வேண்டும். எழுத்துவிடையும் கேட்கும் தமிழகப் பிளஸ் டூ ஆங்கிலத்தில் கழிவு கிடையாது. அங்கே பழகிய மனப்பாடம் இங்கே அதிகம் உதவாது. அதனால் மாநிலப் பாடத்திட்ட மாணவருக்குக் கியூட் பாதகம் என்ற வாதம் வலுவானது. தமிழகச் சட்டமன்றம் 2022 ஏப்ரலில் இத்தேர்வை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. மனப்பாடத்தைவிட வாசிப்பை முன்னிறுத்தும் போக்கு ஜப்பானிலும் உண்டு: 2021-இல் அங்கே வந்த பல்கலைக்கழக நுழைவுக்கான பொதுத்தேர்வின் ஆங்கில வாசிப்புத் தாள் தனி இலக்கண வினாக்களைக் கைவிட்டது. ஆனால் கேட்டல் தாளுக்கும் அங்கே 100 மதிப்பெண் உண்டு, கியூட்டில் அப்பகுதியே இல்லை.