இரண்டு சூரியோதயங்களுக்கு இடையே

இரண்டு ஊர்களுக்கு இடையேயுள்ள தொலைவு மாறுவதில்லை. அதனைக் கடக்கும் காலமே மாறுகிறது. இவ்வுண்மையை மாணவர்கள் உணர்வதற்கு, இலங்கையின் கொக்கலைக்கும் மேற்கு ஆஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கும் இடையே நடைபெற்ற விமானப் போக்குவரத்தின் வரலாறு தக்கதொரு சான்றாகும்.

1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்கு மாறியது. பிரிட்டனையும் ஆஸ்திரேலியாவையும் இணைத்த ஆகாய மார்க்கம் அத்துடன் அறுந்தது. அதனை மீண்டும் இணைக்க வேண்டுமாயின், இந்து மகாசமுத்திரத்தை இடையில் எங்கும் இறங்காமல் தாண்டுவதே வழி. 1943ஆம் ஆண்டில் குவாண்டாஸ் நிறுவனத்தார் அதற்குத் துணிந்தனர். காலி நகருக்கு அண்மையிலுள்ள கொக்கலைக் காயல் ஒரு முனை. பேர்த் நகரின் சுவான் ஆறு மறு முனை. நீரிலிருந்து எழும்பி நீரிலேயே இறங்கும் கட்டலீனா விமானங்கள் ஐந்து இப்பணியில் ஈடுபட்டன.

தொலைவு ஏறத்தாழ 5,600 கிலோமீட்டர். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் எத்தனை மணி நேரம் ஆகும்? வகுத்துப் பாருங்கள்: 28 மணி நேரம். எதிர்காற்று வீசி வேகம் 175 ஆகக் குறைந்தாலோ 32 மணி நேரம். அதுவரை எரிய வேண்டிய எண்ணெயின் பாரமோ மிகப் பெரிது. ஆகவே இன்றியமையாதன அல்லாத கருவிகளையெல்லாம் கழற்றிவிட்டனர். பிரயாணிகள் மூவருக்கும் சுமார் 69 கிலோகிராம் தபாலுக்குமே இடமிருந்தது.

விமானத்தில் ஆயுதம் கிடையாது. பகைவரின் கண்காணிப்புக்கு உட்பட்ட பகுதியை இருளில் கடக்க வேண்டும். வானொலியில் பேசினால் இருப்பிடம் வெளிப்பட்டுவிடுமாதலால் பெரும்பாலும் மௌனமே காத்தனர். விண்மீன்களை அளந்தே திசையறிந்தனர். வழியில் இயந்திரம் பழுதுற்றால் கீழே கடலன்றி வேறில்லை. ஒரே பயணத்தில் இரு முறை சூரியோதயத்தைக் கண்டவர்களுக்கு 'இரட்டைச் சூரியோதய இரகசியச் சங்கம்' என்னும் பெயரால் நற்சான்றிதழ் ஒன்றும் வழங்கப்பட்டது.

1945ஆம் ஆண்டு வரையில் 271 முறை இப்பெருங்கடலைக் கடந்தனர். ஓர் உயிரேனும் இழக்கப்படவில்லை. இது அதிர்ஷ்டத்தால் மட்டும் விளைந்ததன்று. காற்றையும் எடையையும் எண்ணெயையும் முன்கூட்டியே கணக்கிட்ட அறிவின் பயன். போர் முடிந்தபின் அவ்விமானங்கள் கடலில் அமிழ்த்தப்பட்டன.

2018ஆம் ஆண்டு மார்ச் மாதம் அதே நிறுவனம் பேர்த்திலிருந்து லண்டனுக்கு இடைநில்லா விமானச் சேவையைத் தொடங்கியது. 14,498 கிலோமீட்டர் தொலைவு. பயணம் சுமார் 17 மணி நேரம். சராசரி வேகம் மணிக்கு 850 கிலோமீட்டருக்குக் குறையாது.

மாணவர்களே, தேசப்படத்தில் இரு புள்ளிகளை ஒரு கோட்டால் இணைப்பது எளிது. அக்கோட்டை முதன்முதலில் கடந்தவர்களுக்கு அது எத்தனை மணி நேரம், எத்தகைய அபாயம் என்று கேட்டறியுங்கள். அப்போதுதான் பூகோளம் சரித்திரமாகும்.