ஐவர் குழு: அரணா, தளையா?

ஒருவரின் கடனுக்கு நால்வர் பொறுப்பேற்றால், வாங்கியவருக்குத் துணிச்சல் கூடுமா, குறையுமா? விடையை வரலாற்றில் தேடுவோம்.

1976-இல் வங்காளதேசத்தின் ஜொப்ரா கிராமத்தில், பேராசிரியர் முகம்மது யூனுஸ் 42 பேருக்குத் தம் சொந்தப் பணத்திலிருந்து மொத்தம் 27 டாலர் மதிப்புள்ள தொகையைக் கடனாகக் கொடுத்தார். அந்த முயற்சி 1983-இல் கிராமின் வங்கியாக உருவெடுத்தது. அடமானம் இல்லை, ஐவர் குழுவே அதற்கு ஈடு. ஒருவர் தவணை தவறினால் மற்றவர்களின் அடுத்த கடன் தடைப்படும். 1987-இல் நம் மலேசியாவில் தோன்றிய அமானா இக்தியாரும் இம்முறையையே பின்பற்றியது.

நாசி லெமாக் விற்கும் ஒரு பெண் கடையை விரிவாக்க நினைக்கிறார். வியாபாரம் படுத்தால் தோழியரும் சிக்குவார்கள். துணிவாரா?

சென்னையில் சிறுகடன் பெறுவோரிடையே பொருளியலாளர் கிரெக் ஃபிஷர் சோதனைகள் நடத்தினார்; ஆய்வு 2013-இல் வெளிவந்தது. நட்டத்தைத் தோழர் தாங்குவார் என்றதும், துணிச்சல்காரர் மேலும் துணிந்தார். தோழரின் சம்மதம் கட்டாயமானதும் துணிச்சல் குறைந்தது. இலாபத்தையும் பங்கிட்டபோது மட்டுமே இந்த இரு குறைகளும் நீங்கின.

பிலிப்பைன்ஸின் லெய்த்தே தீவில் ஒரு வங்கி 2004 முதல் பல குழுக்களில் கூட்டுப் பொறுப்பை நீக்கிப் பார்த்தது. கடன் திரும்புவது குறையவில்லை. கிராமின் வங்கியும் 2002-க்குள் விதிகளை மாற்றி, ஒருவர் கடனுக்கு மற்றவர் பொறுப்பில்லை என்றது.

குழுவில் கையெழுத்திடும் சகோதரிகளே, ஒன்றை மட்டும் கேளுங்கள்: நட்டத்தில் எனக்குப் பங்கு உண்டு, இலாபத்தில் உண்டா?