வாயிற்காவலனுக்கு ஒரு காப்பு

வீட்டு வாயிலைக் காக்கும் நாயே அவ்வீட்டாரின் உயிருக்கு எமனாவதும் உண்டு. விசர்நாய்க்கடியால் விளையும் நீர்வெறுப்பு நோய் அத்தகைய கொடுமை வாய்ந்தது. அதன் குறிகள் தோன்றிய பின்னர்ப் பிழைத்தோர் மிக அரியர். இந்நோயை மனிதன் எதிர்த்து நின்ற வரலாறு அனைவரும் அறியத் தக்கது.

பிரான்சிய அறிஞர் லூயி பாஸ்டர் முதலில் ஆராய்ந்தது மனிதரிடத்தன்று, நாய்களிடத்தே. நோயுற்ற முயலின் முண்ணாணை உலரவைத்து, நச்சுத் தன்மையைத் தணித்து, நாய்களுக்குச் செலுத்தி வெற்றி கண்டார். 1885 யூலை 6 இல், விசர்நாய் கடித்த யோசேப்பு மைஸ்டர் என்னும் 9 வயதுச் சிறுவன் அவரிடம் கொண்டுவரப்பட்டான். அவனுக்கு 13 முறை ஊசி ஏற்றப்பட்டது. சிறுவன் பிழைத்தான், உலகம் வியந்தது.

எனினும், ஊற்றை அடைக்காது வெள்ளத்தை இறைத்தலால் ஆவதென்ன? கடியுண்டோர் காக்கப்பட்டனர், நாய்களிடையே நோய் பரவியே வந்தது. ஒவ்வொரு நாய்க்கும் பல நாட்கள் ஊசி ஏற்றுதல் இயலாத காரியம். ஆதலின் அரசுகள் கட்டாக்காலி நாய்களைக் கொல்லும் வழியையே பெரிதும் நாடின. இலங்கையிலும் 1893 இல் இந்நோயைத் தடுக்கத் தனிச் சட்டம் ஆக்கப்பட்டது.

வழியைத் திறந்தவர்கள் யப்பானியர். உமேனோ, டோய் என்னும் அறிஞர் இருவர், ஒரே ஊசியால் நாயைக் காக்கும் முறையை வகுத்தனர். 30,000 க்கு மேற்பட்ட நாய்களுக்கு அதனை ஏற்றிக் கண்ட பயனை 1921 இல் வெளியிட்டனர். இரண்டாம் உலகப் போரை அடுத்து யப்பானில் நோய் மீண்டும் தலைதூக்கியது. 1950 இல் அந்நாடு சட்டம் இயற்றியது: வளர்ப்பு நாய் ஒவ்வொன்றும் பதியப்படல் வேண்டும், தடுப்பூசி பெறல் வேண்டும். 1957 இல் ஒரு பூனையிடம் காணப்பட்டதே அந்நாட்டினுள் தோன்றிய இறுதி நோய். ஏழே ஆண்டுகளில் ஊற்று அடைபட்டது.

இவ்வெற்றி மருந்தால் மட்டும் வந்ததன்று. வீட்டுக்கு வீடு மக்கள் கடமை உணர்ந்து ஒத்துழைத்தமையால் வந்தது. இலங்கையில் இந்நோய் இன்னும் முற்றாக ஒழியவில்லை. நாய்க்கும் பூனைக்கும் உரிய காலத்தில் தடுப்பூசி ஏற்றுவித்தல் அவ்வுயிர்களுக்குக் காட்டும் பரிவு மாத்திரமன்று. அவற்றோடு முற்றத்தில் விளையாடும் குழந்தைக்கு இடும் காப்புமாகும். பாஸ்டர் மறைந்த நாளாகிய செப்டெம்பர் 28 ஐ உலகம் நீர்வெறுப்பு நோய்த் தடுப்பு நாளாகக் கொண்டாடுகின்றது. அந்நாளில் அவரை நினைப்போர், தம் வாயிற்காவலனையும் நினைப்பாராக.