பாரிஸ் ஆடை இல்லங்களில் வாடிக்கையாளர் உபசரிப்பு

பாரிஸ் நகரின் உயர்விலை ஆடை இல்லங்கள் தம்மிடம் வருவோரை வரவேற்று, அமரவைத்து, ஆடைகளைக் காட்டி, அளவெடுத்து, விற்று அனுப்பும் முறை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருவாயிற்று. மிலான், நியூயார்க், டோக்கியோ, துபாய் என இன்று எங்கு இத்தகைய கடை திறந்தாலும் அதன் நடைமுறைகள் பெரும்பாலும் இங்கிருந்து போனவையே. வந்திருப்பவர் யார், எவ்வளவு செலவழிப்பார், யாருடைய அறிமுகத்தில் வந்தார் என்று எடைபோடுவதும் இந்த உபசரிப்பில் அடக்கம். பணிவும் மிடுக்கும் ஒரே ஆளிடம் சேர்ந்தே காணப்படுவதற்குக் காரணம் அதுதான்.

19ஆம் நூற்றாண்டுக்கு முன்

பழைய பிரான்சில் ஆடைத் தொழிலைக் கைவினைச் சங்கங்கள் கூறுபோட்டு வைத்திருந்தன. துணியை ஜவுளி வணிகர் மட்டுமே விற்கலாம். தையற்காரர் தைக்கலாமே தவிர, துணி இருப்பு வைத்து விற்க முடியாது. பெண்களுக்குப் பெண்களே தைத்துக் கொடுக்கும் சங்கத்துக்குப் பதினான்காம் லூயி 1675இல்தான் ஒப்புதல் தந்தார். ஆகவே, உயர்குலப் பெண் ஒருத்தி துணியை ஓரிடத்தில் வாங்கி, தையலுக்கு வேறோரிடத்தில் கொடுத்து, சரிகை, இறகு, ரிப்பன் போன்றவற்றை மூன்றாமவரிடம் தேடிக்கொள்ள வேண்டும். பேரம் உண்டு; கடன் அதைவிட அதிகம். செல்வர் வீடுகளுக்குத் தையற்காரர்தான் போனார். அவர்கள் அவரைத் தேடி வரவில்லை.

இந்த ஒழுங்கை முதலில் அசைத்தவர் ரோஸ் பெர்ட்டான். 1747இல் அப்வில் நகரில் பிறந்த இவர், 1770களில் பாரிஸின் சாந்தொனொரே தெருவில் ‘கிராண்ட் மொகல்’ என்ற கடையை நடத்தினார். அலங்காரப் பொருள் விற்போரின் சங்கம் 1776இல் அமைந்தபோது அதன் தலைமைக்கும் இவரே தேர்ந்தெடுக்கப்பட்டார். அரசி மரீ அந்துவானெத்தை வெர்சாய் அரண்மனைக்குச் சென்று அடிக்கடி சந்தித்தார். அரசியிடம் தமக்கிருந்த செல்வாக்கைக் கடையிலேயே வாய்விட்டுச் சொல்லிக்கொள்வார் என்றும், சீமாட்டிகளிடம்கூடத் தலைக்கனத்தோடு நடந்துகொண்டார் என்றும் அக்காலத்தவர் எழுதியுள்ளனர். விற்பவரின் கர்வத்தைப் பற்றிய வாங்குபவரின் முறையீடு இத்தொழிலில் அவ்வளவு பழையது. எனினும் பெர்ட்டானும் அரசியின் வாசலுக்குப் போய்வந்தவரே. பிரெஞ்சுப் புரட்சி வந்ததும் அரண்மனை வாடிக்கை போயிற்று. அவர் சில காலம் லண்டனில் தஞ்சம் புக நேர்ந்தது.

வொர்த் இல்லம்

ஓத் கூத்யூர் எனப்படும் உயர்தையல் தொழிலின் தந்தை சார்லஸ் பிரெடரிக் வொர்த். பிறப்பால் ஆங்கிலேயர், 1825இல் லிங்கன்ஷயரில் பிறந்தார். லண்டன் துணிக்கடைகளில் எடுபிடியாக வேலை கற்று, இருபது வயதை ஒட்டிப் பாரிஸுக்கு வந்து, கஜலான் என்ற பெயர்பெற்ற ஜவுளி நிறுவனத்தில் விற்பனையாளராகச் சேர்ந்தார். அங்கு உடன் வேலை பார்த்த மரீ வெர்னே, சால்வைகளைத் தம் தோளில் போர்த்திக் காட்டி விற்பவர். சால்வை எடுப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காக வொர்த் அவருக்கு எளிய ஆடைகளைத் தைத்துக் கொடுத்தார். வந்தவர்கள் சால்வையை விட்டுவிட்டு அந்த ஆடையை விலை கேட்டார்கள். மரீ பின்னர் அவர் மனைவியானார். ஆடையை உயிருள்ள ஒருவர் உடலில் அணிவித்து வாடிக்கையாளர் முன் நடமாடவிடும் வழக்கத்துக்கு வித்து இதுவே.

1858இல் வொர்த், ஓட்டோ பொபெர்க் என்ற சுவீடன் நாட்டுக் கூட்டாளியுடன் லா பே தெரு 7ஆம் எண்ணில் சொந்த இல்லம் திறந்தார். துணி, வடிவம், தையல் மூன்றும் ஒரே கூரையின்கீழ் வந்தன. வாடிக்கை பிடிக்க, மரீ ஆடை ஓவியங்கள் கொண்ட ஏடு ஒன்றை ஆஸ்திரியத் தூதரின் மனைவி பொலின் மெட்டர்னிக்கிடம் கொண்டுபோனார். ஆங்கிலேயன் ஒருவன் பாரிஸ் பெண்களுக்கு உடை தைப்பதா என்று முதலில் ஏளனமாக எண்ணிய அந்த அம்மையார், படங்களைப் பார்த்தபின் ஒன்றுக்கு 300 பிராங்க் வீதம் இரண்டு ஆடைகளுக்குச் சொன்னார். அவற்றில் ஒன்றை அரண்மனை நடன விருந்தில் கண்ட பிரெஞ்சுப் பேரரசி யூஜெனி, தைத்தவர் யார் என்று விசாரித்து, வொர்த்தை அழைத்துவரச் செய்தார். அதன்பின் அந்த விலைக்கு வொர்த் ஆடை யாருக்கும் கிடைக்கவில்லை என்பது மெட்டர்னிக் பிற்காலத்தில் எழுதிவைத்த அங்கலாய்ப்பு.

வாடிக்கையாளரின் வீட்டுக்குப் போகும் வழக்கத்தை வொர்த் நிறுத்தினார். பேரரசியைத் தவிர எந்தச் சீமாட்டியானாலும் படியேறித் தம்மிடம்தான் வர வேண்டும். என்ன நிறம், என்ன துணி, எவ்வளவு அலங்காரம் என்பதையும் அவரே முடிவு செய்தார். மறுத்துப் பேசுபவரை அவருக்குப் பிடிக்காது. கலைஞனைப் போல வெல்வெட் தொப்பி அணிந்து, வந்தவரை நிற்கவைத்து, திரும்பச் சொல்லி, உற்றுப் பார்த்து, ஒரு முடிவைச் சொல்வார். காசு கொடுப்பவர் கட்டளையிடுவதும் கூலி வாங்குபவர் கேட்பதுமாக இருந்த உறவு இங்கே தலைகீழாயிற்று. எமில் ஸோலா தம் ‘லா கியூரே’ நாவலில் வோர்ம்ஸ் என்ற பாத்திரமாக இவரைக் கிண்டல் செய்திருக்கிறார். அந்தக் கிண்டலிலும் வியப்பு கலந்திருக்கிறது.

இல்லத்தின் அமைப்பே ஒரு விற்பனை உத்தி. கம்பளம் விரித்து மலர் அடுக்கிய படிக்கட்டு. மேலே ஒன்றன்பின் ஒன்றாகக் கூடங்கள். முதலில் கறுப்பு வெள்ளைப் பட்டுகள், அடுத்து நிறப் பட்டுகள், பிறகு வெல்வெட், அதன்பின் கம்பளித் துணிகள். துணியைப் பார்த்துக் கண் பழகிய பிறகே முடிந்த ஆடைகள் வைத்த கண்ணாடிக் கூடம் வரும். வருபவர் அங்கு தம் உடையையும் புதிய ஆடையையும் அடுத்தடுத்துக் காண நேரும். கடைசியாக, சன்னல்களை முழுதும் அடைத்து வாயு விளக்குகள் ஏற்றிய அறை. பகல் வெளிச்சத்தில் பளிச்சென்ற நிறம் விளக்கொளியில் மங்கிப்போகும். நடன விருந்துக்கான ஆடையை அந்த ஒளியிலேயே போட்டுப் பார்க்கத்தான் இந்த ஏற்பாடு. 

1870ஆம் ஆண்டுப் போரில் பிரெஞ்சுப் பேரரசு வீழ்ந்ததும் அரண்மனை வாடிக்கை முடிந்தது. பொபெர்க் விலகினார். போர் ஓய்ந்தபின் தனிப்பெயரில் மீண்டும் திறந்த இல்லத்தைத் தாங்கியவர்கள் நீராவிக் கப்பலில் வந்த அமெரிக்கச் செல்வர் வீட்டுப் பெண்கள். அளவுகள் இல்லத்திலேயே பதிவாகி இருந்ததால் அவர்கள் ஒவ்வொரு முறையும் கடல் கடக்க வேண்டியதில்லை. கடிதம் எழுதினால் ஆடை பெட்டியில் போய்ச் சேர்ந்தது. பரம்பரைப் பிரபுக்கள் கணக்குத் தீர்க்க ஆண்டுக்கணக்கில் இழுப்பார்கள். அமெரிக்கர்கள் கையோடு கட்டினார்கள். வொர்த்தின் அபிமானமும் அவர்கள் பக்கமே இருந்தது.

இதே பாரிஸில் 1852 முதல் அரிஸ்தீத் பூசிகோ தம் போன் மார்ஷே அங்காடியில் நேர்மாறான வழியைப் பின்பற்றினார்: யாரும் உள்ளே வரலாம், விலை எழுதி ஒட்டியிருக்கும், பேரம் இல்லை, பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம். பொதுமக்களுக்கான கடை அவ்வழியில் வளர்ந்தது. உயர்விலை இல்லங்களோ விலைச் சீட்டை நெடுங்காலம் கண்ணில் காட்டவில்லை.

விற்பனைப் பெண்கள்

வொர்த் 1895இல் காலமானார். அடுத்த தலைமுறை வடிவமைப்பாளர்கள் எல்லோரும் வாடிக்கையாளர் முன் நிற்கவில்லை. கம்போன் தெரு 31ஆம் எண் இல்லத்தில் கப்ரியேல் ஷனெல், கண்ணாடி பதித்த படிக்கட்டின் மேற்படியில் உட்கார்ந்து, கீழே நடக்கும் ஆடைக் காட்சியைப் பிம்பங்களில் பார்த்துக்கொண்டிருப்பார்; வந்தவர்களைச் சந்திப்பதை முடிந்தவரை தவிர்ப்பார். உபசரிப்பின் பாரம் முழுவதும் விற்பனைப் பெண்களின் தோளுக்கு மாறியது.

இவர்கள் கறுப்பு உடை அணிந்தவர்கள்; ஒவ்வொருவருக்கும் ஓர் உதவியாள் உண்டு. வருமானம் சிறு சம்பளமும் விற்பனைக் கமிஷனும். புதிதாக ஒருவர் வந்தால், வாசலை ஒட்டிய மேசையில் பெயர், அனுப்பியவர் யார் என்பவை கேட்கப்பட்டு ஒரு விற்பனைப் பெண்ணிடம் ஒப்படைக்கப்படுவார். அன்று முதல் அவர் அந்தப் பெண்ணின் வாடிக்கை. இன்னொருத்தி குறுக்கிடக் கூடாது. காட்சி நடக்கும்போது மெல்லிய பொன்வண்ண நாற்காலிகளில் அமர்ந்திருப்பவர்கள், ஆடைகளின் எண்களைச் சீட்டில் குறித்துக்கொள்வார்கள். பிறகு முன்பணம், அளவெடுப்பு, குறைந்தது இரண்டு மூன்று டிரையல். அடிக்கடி வருபவரின் உடலளவுக்குப் பஞ்சு வைத்துத் திருத்திய துணி பொம்மை ஒன்று மேல்தளத்துப் பட்டறையில் நிற்கும்.

விற்பனைப் பெண்ணுக்குத் துணி அறிவோடு குடும்ப அறிவும் வேண்டும். ஒரே விருந்துக்குப் போகும் இருவருக்கு ஒரே ஆடையை விற்றுவிடக் கூடாது. ஒரே ஆண் பணம் கட்டும் இரு பெண்கள் ஒரே நேரத்தில் கூடத்தில் எதிர்ப்பட்டுவிடவும் கூடாது. யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாரிடம் கேட்டு வாங்க வேண்டும் என்பதும் அவர் நினைவில் இருக்கும். கிறிஸ்தியன் டியோர் 1947 பிப்ரவரி 12இல் மோந்தேன் அவென்யூ 30ஆம் எண்ணில் தம் முதல் தொகுப்பைக் காட்டியபோது, விற்பனைப் பொறுப்பை ஏற்றிருந்தவர் அவருடைய இளமைத் தோழி சூசன் லூலிங். அந்த இல்லத்தின் கலகலப்பான வரவேற்பில் அவர் பங்கு பெரிது. ஜார்ஜ் ஐந்தாம் மன்னர் அவென்யூவில் இருந்த பலென்சியாகா இல்லம் இதற்கு எதிர்த்துருவம்: பேச்சு இல்லை, இசை இல்லை, ஆடை காட்டும் பெண்கள் முகத்தில் சிரிப்பும் இல்லை. கோயிலுக்குள் நுழைவது போன்ற அந்த அமைதியைப் பொறுத்துக்கொண்டவர்களுக்கே ஆடை கிடைத்தது.

வாசல் கெடுபிடிக்கு ஆணவத்தைவிடக் களவுப் பயமே பெரிய காரணம். காட்சியைப் பார்த்து மனத்தில் பதித்துக்கொண்டு, வெளியே போய் வரைந்து, நகலெடுத்து விற்பவர்கள் ஏராளம். அதனால் வரைய அனுமதி இல்லை. அயல்நாட்டு அங்காடிகளின் கொள்முதலாளர்கள் உள்ளே நுழையவே ஈட்டுத் தொகை கட்ட வேண்டியிருந்தது. முன்பின் தெரியாத முகம் என்றால் சந்தேகப் பார்வை விழுந்தது இதனால்தான். பிற்காலத்துக் கடைகளுக்கு அந்தப் பயத்துக்கான காரணம் இல்லாமற்போனது. பார்வை மட்டும் தங்கிவிட்டது.

பூட்டிக் கடைகள்

எல்சா ஸ்கியாபரெல்லி 1935இல் வாந்தோம் சதுக்கத்தில் தம் இல்லத்தின் கீழ்த்தளத்தில் ஆயத்தப் பொருள்கள் விற்கும் பூட்டிக் ஒன்றைத் திறந்தார். டியோரும் தொடக்கத்திலேயே அப்படி ஒரு சிறு கடையை வைத்தார். திருப்பம் 1966இல் வந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் ஈவ் சான் லோரான், சேன் ஆற்றின் இடக்கரையில், துர்னோன் தெருவில் ‘ரீவ் கோஷ்’ கடையைத் திறந்தார். ஆயத்த அளவுகள், கைக்கு எட்டும் உயரத்தில் தொங்கும் ஆடைகள், எழுதிய விலை, அறிமுகமில்லாமலே நுழைவு. தாய்மார்கள் மூன்று டிரையலுக்குக் காத்திருந்த இடத்தில் மகள்கள் ஒரு பிற்பகலில் வாங்கிச் சென்றார்கள்.

விற்பனைப் பெண்ணின் பழைய அதிகாரம் இத்துடன் தளர்ந்தது. 1987இல் எல்விஎம்ஹெச் என்ற ஆடம்பரப் பொருள் குழுமம் உருவானபின் பல இல்லங்கள் பெருநிறுவனங்களின் உடைமையாயின. வரவேற்பு வாசகம், பொருளை நீட்டும் விதம், பெட்டியில் ரிப்பன் கட்டும் முறை ஆகியவை பயிற்சி வகுப்பில் கற்றுத்தரும் பாடங்களாயின.

எடைபோடுதலும் அதன் விளைவும்

முன்பின் தெரியாதவர்மீது விழும் அந்தச் சந்தேகப் பார்வை பலரைப் புண்படுத்தியிருக்கிறது. 2005இல் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரே பாரிஸ் ஹெர்மெஸ் கடையில் அனுமதிக்கப்படவில்லை. தனி நிகழ்ச்சிக்காகக் கடை அடைக்கப்பட்டிருந்தது என்று நிறுவனம் விளக்கினாலும், அதன் அமெரிக்கப் பிரிவின் தலைவர் வின்ஃப்ரேயின் நிகழ்ச்சியிலேயே தோன்றி மன்னிப்புக் கேட்டார். பணம் இருந்தும் தோற்றத்தால் விரட்டப்படும் பெண்ணின் காட்சியை 1990இல் ‘பிரெட்டி உமன்’ திரைப்படம் உலகறியச் செய்திருந்தது.

அவமதிப்பு எப்போதும் விற்பனையைக் கெடுத்துவிடுவதில்லை என்பதே இத்துறையின் விந்தை. மார்கன் வார்ட், டேரன் டால் இருவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் உயர்விலை பிராண்டை எட்டிப்பிடிக்க விரும்புபவரை அதன் கடை ஊழியர் அலட்சியப்படுத்தினால், அப்பொருளின்மீது அவருக்கு ஆசை கூடுகிறது என்று கண்டனர். சாதாரணக் கடைகளில் இது பலிக்கவில்லை. உயர்விலைக் கடையிலும் காலப்போக்கில் அந்த ஆசை வடிந்துவிடுகிறது. அதே ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வு ஊழியர்களின் கண்ணைச் சோதித்தது. மிலான் நகரின் உயர்விலைக் கடை ஊழியர்கள், உடற்பயிற்சி உடையில் நுழைந்த பெண்ணைவிட மென்மயிர் மேலங்கி அணிந்து வந்தவளைக் குறைவாகவே மதித்தனர். கடையை நன்கு அறிந்தவருக்கே அலங்கரித்துக்கொள்ளாமல் வரும் துணிவு இருக்கும் என்பது அவர்கள் கணிப்பு.

இன்றைய நிலை

முன்பதிவு, வாசலில் வரிசை, கைபேசிச் செய்தி வழியே உறவாடும் விற்பனை ஆலோசகர், அதிகம் செலவழிப்பவருக்குத் தனிக் கூடம் ஆகியவை இப்போது பொதுவழக்கு. ஷனெல் தன் கைப்பைகளை இணையத்தில் விற்பதில்லை. ஹெர்மெஸின் பிர்கின் பையைப் பெற முதலில் வேறு பொருள்களை வாங்க வேண்டியிருக்கிறது என்று குற்றஞ்சாட்டி 2024இல் கலிபோர்னியாவில் வழக்குத் தொடரப்பட்டது. 2025இல் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது.