கோயில் நிலமும் மூன்றாவது நாற்காலியும்

தர்மம், அறம், கட்டளை ஆகிய சொற்களைத் தஞ்சை ஜில்லாவில் பிறந்தவர்கள் நிலத்தை நினைக்காமல் உச்சரிக்க முடியாது. இங்கே அறம் என்பது ஏக்கர் கணக்கு. சாமி பேரில் நஞ்சை, மடத்தின் பேரில் நஞ்சை, அன்னதானக் கட்டளையின் பேரில் நஞ்சை. அறநிலையத்துறை சொல்லும் கணக்குப்படி தமிழ்நாட்டின் கோயில்களுக்கும் மடங்களுக்கும் உள்ள நிலம் ஏறத்தாழ 4.78 லட்சம் ஏக்கர். அதில் காவிரிப் படுகை நஞ்சைக்குக் கணிசமான பங்கு உண்டு. அந்தச் சேற்றில் இறங்கி நாற்றுப் பறித்தவர்கள், நட்டவர்கள், களையெடுத்தவர்கள் பெரும்பாலும் தலித் பெண்கள். அந்த அறத்தை நிர்வகிக்கும் குழுவில் அவர்களுக்கு எங்கே இடம்?

என் அம்மாயி கோயில் நிலத்தில் நடவு நட்டவள். "சாமிக்குச் சோறு எங் கையிலேருந்துதான்டா போவுது. ஆனா எத்தன கலம் போவுதுன்னு எவனும் எங்கிட்ட சொன்னதில்ல" என்பாள். கோயிலுக்குள் போக முடியாததைவிட இந்தக் கணக்கு தெரியாததுதான் அவளுக்குப் பெரிய குறை. எம்.ஏ. வகுப்பில் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் படித்தபோதுதான் அந்தக் குறையின் வயது எனக்குப் புரிந்தது.

ராஜராஜன் பல ஊர்களிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவந்து குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் அங்கே கல்லில் இருக்கின்றன. எந்தத் தெரு, எந்த வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்பதுகூட உண்டு. ஆளுக்கு ஒரு பங்கு, அதாவது 100 கலம் நெல். ஆக, கோயில் பொருளாதாரத்துக்குள் பெண் பெயரோடு இருந்திருக்கிறாள். அதே கோயிலின் கல்வெட்டுகள் ஊர்களின் இறையிலி நிலத்தைக் கழித்துக்கொண்டு போகும்போது பறைச்சேரி, தீண்டாச்சேரி என்றும் குறிக்கின்றன. அங்கே ஆட்கள் இல்லை. வரிக் கணக்கில் கழிபடும் நிலப்பரப்பு மட்டும் இருக்கிறது. கோயில் என்ற பிரதியில் பெண்ணுக்குப் பெயர் உண்டு, சேரிக்கும் இடம் உண்டு. சேரிப் பெண் மட்டும் காணோம்.

இதைப் பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 1939 ஜூலை 8இல் மதுரை மீனாட்சி கோயில் ஆலயப் பிரவேசம் நடந்தது. அதே ஆண்டில் தஞ்சை அரண்மனைக் கோயில்களும் திறந்துவிடப்பட்டன. 1947இல் சட்டம் மாகாணம் முழுவதற்கும் வந்தது. கும்பிட உள்ளே வரலாம் என்றது அந்தச் சட்டம். கணக்கு கேட்க உள்ளே வரலாமா என்பது வேறு கேள்வி. டெல்டாவில் தர்மகர்த்தா என்றால் மிராசுதார். கோயில் நிலத்தை யாருக்குக் குத்தகைக்கு விடுவது என்று தீர்மானித்தவர்களும் பெரிய குத்தகையை எடுத்தவர்களும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடக்கூடியவர்கள். 1961ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டம் பொது அறக்கட்டளை நிலங்களைத் தொடவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், டெல்டாவில் அறம் என்ற சொல்லாடல் எதைக் காப்பாற்றியது என்பது விளங்கும்.

இப்போது நடப்பில் இருக்கும் சட்டத்துக்கு வருவோம். 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையக் கொடைகள் சட்டம், 47ஆம் பிரிவு. பரம்பரை அறங்காவலர் இல்லாத கோயில்களுக்கு மூன்று பேருக்குக் குறையாமல் ஐந்து பேருக்கு மிகாமல் குழு அமைக்கிறபோது, ஒருவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவராகவும் ஒருவர் பெண்ணாகவும் இருக்க வேண்டும் என்கிறது. போராடிப் பெற்ற பிரிவு இது, அலட்சியமாகப் பேச எனக்கு மனசில்லை. ஆனால் வாக்கியத்தை மறுபடி படியுங்கள். ஒரு தலித், ஒரு பெண். இரண்டு நாற்காலி. முதல் நாற்காலிக்கு ஆள் தேடுகிறவர் மனசில் ஒரு ஆண் வருகிறார். இரண்டாவதுக்குத் தேடுகிறவர் மனசில் ஊர்த்தெருப் பெண்மணி ஒருவர் வருகிறார். தலித் பெண்ணை உட்காரவிடக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. அவளை உட்கார வைக்க வேண்டிய பொறுப்பு யாருக்கும் இல்லை, அவ்வளவுதான்.

இந்த இடைவெளி நம்முடையது மட்டுமல்ல. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி மீது ஐந்து கறுப்பினப் பெண்கள் தொடுத்த வழக்கு 1976இல் தீர்ப்பானது. கம்பெனி பெண்களை வேலைக்கு வைத்திருந்தது. அவர்கள் ஆபீஸில் இருந்த வெள்ளைப் பெண்கள். கறுப்பர்களையும் வைத்திருந்தது, அவர்கள் தொழிற்கூடத்தில் இருந்த ஆண்கள். பெண் என்றோ கறுப்பர் என்றோ வழக்காடலாம், இரண்டையும் சேர்த்துப் புதுசாக ஒரு வகையை உண்டாக்க முடியாது என்றது கோர்ட். இந்த வழக்கைத்தான் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் எடுத்து ஆராய்ந்தார். அந்தக் கட்டுரையை அமெரிக்கச் சரக்கு என்று ஒதுக்குகிற தோழர்களுக்கு 47ஆம் பிரிவைக் கையில் கொடுக்க வேண்டும்.

வேறு மாதிரி எழுத முடியாதா என்றால், எழுதியிருக்கிறார்கள். 1992இல் நிறைவேறி 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம், பட்டியல் சாதியினருக்கான ஊராட்சி இடங்களிலேயே மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் அந்தச் சாதிப் பெண்களுக்கு என்று தனியாகச் சொல்லியது. மூன்றாவது நாற்காலியை எழுத்திலேயே போட்டுவிட்டது. 1996 அக்டோபர் தேர்தலில் தமிழ்நாட்டில் தலித் பெண்கள் ஊராட்சித் தலைவர்களாக வந்தது அப்படித்தான். கொல்லைக்கு வரும்போது கூப்பிட்ட பெயரை ஆபீஸில் எப்படிக் கூப்பிடுவது என்று ஊர் தடுமாறியது.

நாற்காலி கிடைத்தால் முடிந்ததா? 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையிலிருந்து ஒரு போட்டோ வெளியானது. ஊராட்சிக் கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில், தலைவரான தலித் பெண் தரையில். சட்டம் போட்ட நாற்காலியை ஊர் எடுத்து ஒளித்துவைத்தது. ஆனால் அவர் தலைவர் என்று எழுத்தில் இருந்ததால்தான் அந்தப் போட்டோ குற்றமாயிற்று, கைதுகள் நடந்தன. எழுத்தில் இல்லாதவள் தரையில் உட்கார்ந்தால் அதை யாரும் போட்டோ எடுப்பதில்லை.

இன்னொரு வழியும் டெல்டாவில் நடந்திருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் எரிக்கப்பட்ட 44 பேரில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலிப் பிரச்சினையை ஆராய அரசு அமைத்தது கணபதியா பிள்ளை ஒருநபர் கமிஷன். அந்த ஒரு நாற்காலியில் ஒரு ஆண். வெண்மணிக்குப் பிறகு கீழத்தஞ்சைக்கு வந்து தங்கிய கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன், தலித் பெண், எந்தக் குழுவின் அழைப்புக்கும் காத்திருக்கவில்லை. 1981இல் கணவரோடு சேர்ந்து 'லாப்டி' என்ற உழுவோர் நில விடுதலை இயக்கத்தைத் தொடங்கினார். நிலத்தை வாங்கிப் பெண்கள் பேரில் பதிவு செய்தார். காந்தியத்தோடு எனக்குள்ள சண்டை அப்படியே இருக்கிறது. ஆனாலும் அறக்கட்டளை என்ற வடிவத்தைக் கையில் எடுத்து, அதன் பலனைச் சேரிப் பெண்ணின் பட்டாவாக மாற்றிக்காட்டியது அங்கேதான்.

ஆகவே பிரதிநிதித்துவமா நிலமா என்று நாம் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அறங்காவலர் நாற்காலி குத்தகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. எந்த வயல் யார் பேரில், எவ்வளவு நெல், எத்தனை வருஷ பாக்கி என்பதை அங்கே உட்கார்ந்தால்தான் கேட்க முடியும். ஆலோசனை சொல்ல மட்டும் கூப்பிட்டு, பதிவேட்டைப் பூட்டிவைத்தால் அந்த நாற்காலியால் பிரயோஜனமில்லை. நடவு மெஷின் வந்து, கூலி நாளும் குறைந்துவருகிற இந்தக் காலத்தில் அந்தப் பதிவேடு முன்னைவிட முக்கியம். தலித் பெண்ணுக்கென்று 47ஆம் பிரிவில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி நாம் கேட்க வேண்டும். அது வரும்வரை, உங்கள் ஊர்க் கோயிலுக்கு அறங்காவலர் நியமனத்துக்கு விண்ணப்பம் கேட்கும்போது, அந்தக் கோயில் வயலில் நடவு நட்ட ஒரு பெண்ணைப் போய்ப் பாருங்கள். பாரத்தை நிரப்ப நாம் உதவலாம். என்ன கேட்பது என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்காது. எத்தனை கலம் என்பதிலிருந்து அவள் ஆரம்பித்துவிடுவாள்.