வட்டு மாறும்போது: இயங்குதள இடமாற்றத்தின் வரலாறு

கணினியின் இயங்குதளத்தை ஒரு வட்டிலிருந்து இன்னொரு வட்டுக்கு மாற்றும் வேலை, கோப்புகளைப் படியெடுப்பதோடு முடிந்துவிடுவது அரிது. கடிதமும் படமும் எங்கே வைத்தாலும் திறக்கும். இயங்குதளத்தையோ, மின்சாரம் வந்த மறுகணமே கணினி தானாகத் தேடிப் பிடித்தாக வேண்டும். அது எங்கே இருக்கிறது என்ற குறிப்பு பெரும்பாலும் கோப்புகளுக்கு வெளியே எழுதப்பட்டிருக்கும். அந்தக் குறிப்பு எங்கே இருந்ததோ, அதைப் பொறுத்தே இடமாற்றும் வழியும் காலந்தோறும் மாறியது.

1970களில் கேரி கில்டால் உருவாக்கிய சிபி/எம் இயங்குதளம் கோப்பாகவே இருக்கவில்லை. நெகிழ்வட்டின் தொடக்கத் தடங்கள் அதற்கென ஒதுக்கப்பட்டிருந்தன. கோப்புப் பட்டியலில் அது தென்படாது. எனவே கோப்புகளைப் படியெடுக்கும் பிப் கட்டளையால் அதைத் தொட முடியவில்லை. அந்தத் தடங்களை மட்டும் படித்துப் புதிய வட்டில் எழுத சிஸ்ஜென் என்ற தனிக் கட்டளை இருந்தது.

1981இல் ஐபிஎம் பிசியோடு வந்த டாஸ், இயங்குதளத்தைக் கோப்புகளாக்கியது. ஆனால் பாதி வழிதான் வந்தது. அதன் இரண்டு அடிப்படைக் கோப்புகள் மறைத்து வைக்கப்பட்டிருந்தன. அவை பட்டியலின் முதல் இரண்டு இடங்களில், வட்டில் குறித்த இடத்திலேயே இருக்க வேண்டும். காரணம், அவற்றை ஏற்றும் தொடக்க நிரல் 512 பைட் கொண்ட ஒரே துண்டில் அடங்க வேண்டியிருந்தது. வட்டு முழுவதும் தேடும் அறிவுக்கு அதில் இடமில்லை. சிஸ் கட்டளை இந்த அமைப்பைப் புதிய வட்டில் உருவாக்கித் தந்தது. வேறு கோப்புகள் முன்பே அந்த இடத்தைப் பிடித்திருந்தால், அது வேலையைச் செய்ய மறுத்துவிடும்.

1983இல் 10 மெகாபைட் வன்தட்டோடு பிசி எக்ஸ்டி வந்தது. வன்தட்டைப் பிரிவுகளாக்க, அதன் முதல் துண்டிலேயே 64 பைட் அட்டவணை ஒன்று வைக்கப்பட்டது. அதில் நான்கு பிரிவுகளுக்கு மட்டுமே இடம். எந்தப் பிரிவிலிருந்து தொடங்க வேண்டும் என்ற அடையாளமும் அங்கேதான். எல்லாக் கோப்புகளும் சரியாக வந்து சேர்ந்த பிறகும் இந்த ஓர் அடையாளம் இல்லாததால் தொடங்காமல் நின்ற கணினிகள் ஏராளம். ஆனாலும் டாஸ் காலத்தில் இடமாற்றம் எளிது என்றே சொல்லலாம்: புதிய தட்டைப் பிரித்து, வடிவமைத்து, சிஸ் கொடுத்து, மற்றதை எக்ஸ்காப்பியால் படியெடுத்தால் போதும்.

1995இல் விண்டோஸ் 95 இந்த எளிமையைக் குலைத்தது. எட்டு எழுத்தைத் தாண்டிய நீண்ட கோப்புப் பெயர்கள் கூடுதல் பதிவுகளாகச் சேமிக்கப்பட்டன. பழைய டாஸ் கட்டளைகளுக்கு அந்தப் பதிவுகளைப் படிக்கத் தெரியாது. விண்டோஸுக்கு வெளியே, தூய டாஸில் நின்று படியெடுத்தால் நீண்ட பெயர்கள் எல்லாம் வெட்டுப்பட்டுப் போயின. அந்தப் பெயர்களையே நம்பியிருந்த, விண்டோஸின் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரி குழம்பியது. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே படியெடுக்க முயன்றால், பயன்பாட்டில் உள்ள கோப்புகள் கைக்கு வரவில்லை.

இந்த இடைவெளியை நிரப்பியது நியூசிலாந்தின் ஆக்லாந்தில் மர்ரே ஹாசர்ட் எழுதிய கோஸ்ட். நெகிழ்வட்டிலிருந்து தொடங்கும் சிறிய நிரல் அது. விண்டோஸ் ஓடாதபோது வட்டைப் படித்தது. கோப்பு முறைமையைப் புரிந்துகொண்டு, பயன்பாட்டில் உள்ள பகுதிகளை மட்டும் எடுத்தது. புதிய தட்டின் அளவுக்கேற்பப் பிரிவை விரித்தும் கொடுத்தது. வட்டை அச்சு அசலாகப் படியெடுக்கும் டிடி கட்டளை யூனிக்ஸில் 1970களிலேயே இருந்தது. ஆனால் காலியிடத்தையும் சேர்த்தே சுமந்து செல்வது அதன் இயல்பு. கோஸ்டை 1998இல் சைமன்டெக் வாங்கியது. ஒரே படிமத்தைப் பல கணினிகளில் இறக்கும் வழக்கம் அலுவலகங்களிலும் கல்லூரி ஆய்வகங்களிலும் பரவியது.

படியெடுப்பது எளிதானதும் வேறொரு சிக்கல் முளைத்தது: நகல் அளவுக்கு மீறி அசலைப் போலவே இருந்தது. விண்டோஸ் 2000 முதல், எந்த வட்டுக்கு எந்த எழுத்து என்பதை வட்டின் நான்கு பைட் அடையாள எண்ணைக் கொண்டு இயங்குதளம் நினைவில் வைத்துக்கொண்டது. பழைய தட்டையும் இணைத்தபடியே புதியதிலிருந்து முதன்முறை தொடங்கினால், சி என்ற எழுத்து பழையதிடமே தங்கிவிடக்கூடும். அப்போது கணினி பாதி புதிய தட்டிலும் பாதி பழையதிலுமாக ஓடும். எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். பழையதைக் கழற்றிய அன்றுதான் உண்மை வெளிப்படும். படியெடுத்து முடித்ததும் பழைய தட்டைக் கழற்றிவிட்டே முதல் தொடக்கம் என்ற விதி இதனால் நிலைபெற்றது. யாருக்கும் இன்றும் சொல்லித்தர வேண்டிய விதி அது.

லினக்ஸிலும் இடக்குறிப்பின் கதை வேறு உருவில் நடந்தது. லைலோ என்ற தொடக்க நிரல், இயங்குதளத்தின் கருவான கெர்னல் இருக்கும் துண்டுகளின் எண்களையே குறித்து வைத்தது. எனவே கெர்னல் கோப்பு நகர்ந்தாலே அதை மறுபடி இயக்க வேண்டும். பின்னர் வந்த கிரப் கோப்பு முறைமையைத் தானே படித்தது.

திடநிலை வட்டுகள் வந்தபோது சிக்கல் வேகத்தில் ஒளிந்திருந்தது. விண்டோஸ் எக்ஸ்பி, முதல் பிரிவை 63ஆம் துண்டில் தொடங்கியது. புதிய வட்டுகளின் 4,096 பைட் எல்லைகளோடு அது பொருந்தாது. அந்தப் பிரிவை அப்படியே புதிய வட்டில் இறக்கினால், ஓர் எல்லைக்குள் அடங்க வேண்டிய எழுதும் பணி இரண்டைத் தொட்டது. விஸ்டா முதல் பிரிவு 2,048ஆம் துண்டுக்கு, அதாவது சரியாக 1 மெகாபைட்டுக்கு நகர்ந்தது. அடுத்து என்விஎம்இ வட்டுகள் வந்தன. அவற்றுக்கான இயக்கி விண்டோஸ் 7இல் இயல்பாக இல்லை; முன்கூட்டியே அதைச் சேர்க்காமல் மாற்றிய நகல் நீலத் திரையில் நின்றது.

பழைய 64 பைட் அட்டவணையால் 2 டெராபைட்டுக்கு மேல் எண்ண முடியாததால், ஜிபிடி என்ற புதிய அட்டவணை அதன் இடத்துக்கு வந்தது; கணினியைத் தொடக்கும் யூஇஎஃப்ஐ என்ற மென்பொருளும் கூடவே வந்தது. தொடக்கக் குறிப்பின் ஒரு பகுதி இப்போது வட்டை விட்டு மதர்போர்டின் நினைவகத்துக்கே போய்விட்டது. பழைய அமைப்பிலிருந்து புதியதற்கு மாற, 2017இல் விண்டோஸ் 10இல் எம்பிஆர்2ஜிபிடி கருவி சேர்ந்தது.

கோப்புகளைப் படியெடுத்தால் மட்டும் போதாது என்ற இந்தப் போக்கு ஆப்பிளிடம் எல்லைக்கே சென்றது. பழைய மேக்கில் சிஸ்டம் கோப்புறையை இழுத்துப் புதிய வட்டில் போட்டாலே கணினி அதிலிருந்து தொடங்கும். 2020இல் வந்த பிக் சர், இயங்குதளப் பகுதியைக் கையொப்பமிட்டு முத்திரையிட்டது; சாதாரணப் படியெடுப்பில் அந்த முத்திரை வந்து சேராது. இயங்குதளத்தைப் புதிதாக நிறுவி, பயனரின் கோப்புகளை மட்டும் இடம்பெயர்ப்பதே அங்கு வழக்கமாகியிருக்கிறது. ஆப்பிளின் சொந்தச் சில்லு கொண்ட மேக்குகளில் வெளி வட்டிலிருந்து தொடங்குவதற்குக்கூட உள்வட்டு வேலை செய்தாக வேண்டும்.