விடியும்வரை ஆடிய கூத்தும் வெயில் சாயுமுன் ஆடிய நாங்களும்

எமது பாடசாலை மேடையில் மாணவிகள் ஆடிய வடமோடிக் கூத்துக்கு ஒரு முன்கதை உண்டு.

1956இல் எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’ பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேறியது. சிங்கள நாடகம மரபிலிருந்து எழுந்த அதன் வெற்றி, தமிழரையும் தம் கூத்தின் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்தது. அதே வளாகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை மாணவருக்குப் பழக்குவித்து, 1962இல் ‘கர்ணன் போர்’, பின்னர் ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலி வதை’ ஆகியவற்றை மேடையேற்றினார். இராவணேசனாக ஆடியவர் அன்று மாணவராயிருந்த சி. மௌனகுரு. விடியும்வரை வட்டக்களரியில் நடந்த கூத்து, ஒருபக்க மேடைக்கும் குறுகிய நேரத்துக்கும் ஏற்பச் சுருங்கியது.

தொண்ணூறுகளில் எமது ஆசிரியை ஒருவர் அதே வழியைப் பின்பற்றத் துணிந்தார். எமக்கோ நேரம் வேறு காரணத்தால் குறுகியது. மாலை ஆறு மணிக்குள் எல்லோரும் வீடு சேர்ந்துவிட வேண்டிய காலம் அது. இரவுக் கலையைப் பட்டப்பகலில், பாடவேளை முடிந்த கையோடு பழகினோம். ஆண்களே பெண் வேடமும் தாங்கி ஆடிய கலையைப் பெண்பிள்ளைகளுக்குப் பழக்க, வயோதிப அண்ணாவியார் முதலில் தயங்கினார். மத்தளத்துக்கு எங்கள் கால்கள் தாளம் பிசகாமல் விழுந்த நாளில் அவர் தயக்கம் போயிற்று.

ஆட்டத்தைவிடக் கடினமானது, ஆடிய கையோடு பாடுவது. ஆடும் உடல் விரைந்து மூச்சு வாங்கச் சொல்லும். பாட்டோ மூச்சை நீளமாக விடச் சொல்லும். கரப்புடுப்பின் பாரம் வேறு. எனக்குப் பாதி அடியிலேயே குரல் அடைத்துவிடும். ஒருநாள் அண்ணாவியார், அடியைப் பாடி முடித்ததும் வாயை மூடி நிற்கும்படி சொன்னார். பிற்பாட்டுக்காரத் தோழியர் அவ்வடியை எடுத்துப் பாட, எனக்கு மூச்சுத் திரும்பியது. பிற்பாட்டின் அருமையை அன்றுதான் உணர்ந்தேன். அதன் உடற்றொழிலியலைப் பின்னாளில் மருத்துவ பீடத்தில் படித்தேன்.

அன்று பிற்பாட்டுப் பாடியவர்கள் இன்று பல நாடுகளில் இருக்கிறார்கள். மேடையேற்றத்தின் நிழற்படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. அண்ணாவியாரும் இன்றில்லை. உங்களில் எவரிடமாவது அந்தப் பாட்டுக் கொப்பி இருந்தால் பாடசாலை நூலகத்துக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். அடுத்த தலைமுறைப் பிள்ளைகள் ஆடுவதற்கு அது வேண்டும்.